ஒரே ஒரு மடக்குத் தண்ணி

இது கட்டின கதை இல்ல. இது நடந்தது முத்தமிழுக்கு. அவ இப்ப பெரம்பலூர்ல, எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்புல குடியிருக்கா. தெருவுல யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவாங்க. ஆனா உள்ள போய் இதப் பத்தி வாயைத் தொறந்துடாதீங்க, என்கிட்ட அவ சொன்னதே பெரிசு. நம்ப முடியாதவங்க இத்தோட எழுந்து போயிடலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நானும் மொதல்ல சிரிச்சவதான்.

அவங்க முன்னால இருந்தது அரியலூர்ல. சுண்ணாம்புக் கல்லு லாரி போற ரோட்டை ஒட்டின வீடு. வீட்டை ஒரு கொறையும் சொல்ல முடியாது. நல்ல காத்து, நல்ல வெளிச்சம், பின்னால கெணறு. தூசி ஒண்ணுதான் தொல்லை. காலையில கூட்டித் தொடைச்ச தரையில மதியம் விரலால பேர் எழுதலாம்.

வீட்டுக்காரர் பூவரசனுக்குக் கரண்ட் ஆபீஸ்ல வேலை. ஒரே பொண்ணு தென்றல், ஒண்ணாங் கிளாஸ் படிக்குது. அப்பறம் பூவரசனோட அக்கா சிந்தாமணி. கல்யாணம் காட்சி எதுவும் கூடி வராம தம்பி வீட்டோடவே இருந்துட்டவங்க. கிட்னி ரெண்டும் போயிருச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ்.

அந்த வியாதிக்காரங்களுக்கு என்ன கொடுமை தெரியுமா? தண்ணி குடிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு டாக்டர் அளந்து சொல்லிடுவாங்க, அதுக்கு மேல ஒரு வாய் போனாலும் அது ஒடம்புலயே தங்கிடும். சிந்தாமணிக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்துல ஒட்டிக்கும். முத்தமிழ் ஒரு துணியை நனைச்சுக் குடுப்பா. அவங்க அதை உதட்டுல ஒத்தி ஒத்தி சப்புவாங்க. மேற்கு ரூம்ல, சுவர் ஓரமா உக்காந்துக்கிட்டு, நாள் பூரா அந்தச் சத்தம். பச்... பச்...

முத்தமிழ் அந்தப் பக்கம் போனா போதும். கையைப் பிடிச்சுக்குவாங்க.

"ஒரே ஒரு மடக்கும்மா. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"வேணாம் அண்ணி. டாக்டர் திட்டுவாங்க."

கல்லு மனசோட சொல்லல அவ. அடுப்படிக்குப் போய் அழுதுட்டுத்தான் வருவா. அடுப்படிக் கதவுக்குத் தாப்பா போட்டு வச்சதும் அவதான்.

ஒரு நாள் மதியம் சிந்தாமணிக்கு மூச்சு முட்டிச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. உசுரு நிக்கல. டாக்டர் வெளிய வந்து கேட்ட மொதக் கேள்வி, "தண்ணி நெறைய குடுத்தீங்களா?"

"இல்லைங்க சார். அளந்துதான் குடுத்தேன்."

"நுரையீரல் பூரா தண்ணிம்மா."

டாக்டர் அப்படிச் சொல்றாரு. எழவுக்கு வந்த சொந்தக்காரங்களோ, தண்ணி குடுக்காமயே கொன்னுட்டான்னு காதுபடவே பேசினாங்க. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்சது முத்தமிழ்தான்.

உசுரு போனது அவிட்ட நட்சத்திரத்துல. அதை எங்க பக்கம் அடைப்புன்னு சொல்லுவாங்க. அவிட்டம்னா ஆறு மாசம். செத்தவங்க புழங்கின ரூமைப் பூட்டிடணும். சாயங்காலம் மட்டும் தொறந்து, வெளக்கு ஏத்தி, ஒரு சொம்பு நெறையத் தண்ணி வச்சுட்டு மறுபடியும் பூட்டணும். முத்தமிழ் ஒரு நாள் விடாம வச்சா. உசுரோட இருக்கறப்ப குடுக்க முடியாத தண்ணி, இப்பவாவது குடிக்கட்டுமேன்னு வாய்விட்டே சொல்லிட்டு வைப்பாளாம்.

ரெண்டு மாசம் போச்சு. பூவரசனுக்குப் பெரம்பலூருக்கு மாத்தல் வந்துச்சு. அரியலூர் வீட்டை வித்துட்டு அங்க ஒண்ணு வாங்கிடலாம்னு பேசி, செல்லப்பன்னு ஒரு புரோக்கர்கிட்ட சொன்னாங்க. அவன் வந்து பூட்டின ரூமைப் பாத்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"இது ஆவாதுங்க. ஒரு ரூம் பூட்டிக் கெடந்தா பார்ட்டி என்னன்னு கேக்கும். அடைப்புன்னு தெரிஞ்சா படியே ஏறாது. தொறந்து வெள்ளையடிச்சு வுடுங்க."

"ஆறு மாசம் ஆகலியே"ன்னா முத்தமிழ்.

"வூடு வித்தப்பறம் ஒரு பூசையப் போட்டுக்கலாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

பூவரசனும் தலையாட்டிட்டாரு. ரூமைத் தொறந்தாங்க. வெள்ளையடிச்சாங்க. வெளக்கும் சொம்பும் சாமான் மூட்டைக்குள்ள போச்சு.

அந்த வாரமே, ஞாயித்துக்கிழமை, தென்றலுக்கு இழுப்பு வந்துச்சு.

அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு சளிகூட அதிகம் பிடிச்சதில்ல. அன்னிக்கு விலா எலும்பு உள்ள போய் உள்ள போய் வந்துச்சாம். வாயால மருந்து இழுக்கற குழாய் குடுத்தாங்க. அப்பறம் அதுவே வழக்கமாப் போச்சு. ஸ்கூல் போற நாள்ல நல்லா இருக்கும். லீவு நாள்ல பிடிச்சுக்கும். டாக்டரும் அதுக்கு ஒரு காரணம் சொன்னாரு.

"லீவு நாள்ல பூராவும் வூட்டுத் தூசியிலயே கெடக்கறா இல்லியா? அதான். எடத்தை மாத்துங்கம்மா. இப்படியே வுட்டா ஒரு நாள் ஆஸ்பத்திரி வர்றதுக்கு நேரம் இருக்காது."

இதைக் கேட்டா எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்? மொத இழுப்பு வந்தன்னிக்கே, சில்லுத் தண்ணி ஆகாதுன்னு பானையை எடுத்து அடுப்படி மேடை மேல, பிள்ளைக்கு எட்டாத எடத்துல வச்சிருந்தா. தண்ணியெல்லாம் அவளே சுட வச்சு ஆத்திக் குடுப்பா. ஒரே கவலைதான் அவளுக்கு. வீடு விக்கணும். பிள்ளையோட எங்கயாவது போயிடணும்.

ஆனா வீடு விக்கல.

பாக்க வராதவங்க இல்ல. வருவாங்க. ஹாலைப் பாப்பாங்க, நல்லாருக்குங்கம்பாங்க. கெணத்தை எட்டிப் பாப்பாங்க, ஊத்து இருக்கேம்பாங்க. கடைசியா மேற்கு ரூமுக்குள்ள தனியா எட்டிப் பாத்துட்டு வருவாங்க...

அவ்வளவுதான். பேச்சு நின்னுடும்.

பயந்து ஓடினாங்கன்னு நெனைக்காதீங்க. அப்படி ஓடியிருந்தா அவளுக்கு அன்னிக்கே புரிஞ்சிருக்கும். அவங்க முகத்துல இருந்தது பயம் இல்ல, கோவம். உடையார்பாளையத்துலேருந்து வந்த கவிதான்னு ஒரு டீச்சர், கலந்து வச்ச காப்பியைத் தொடாம எழுந்து போனாங்க. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி வியாபாரி திருமுருகன், படியிறங்கறப்ப முத்தமிழை ஏற எறங்கப் பாத்துட்டு செருப்பை மாட்டிக்கிட்டு நடந்துட்டாரு. செல்லப்பன் பின்னாலயே ஓடிக் கேட்டதுக்கு, "அது அவங்க வூட்டு விஷயம், நமக்கெதுக்கு"ன்னாராம்.

விக்காத வீட்டுக்கு என்னென்ன பண்ணுவாங்களோ அத்தனையும் பண்ணிப் பாத்தாங்க. வெலையைக் கொறைச்சாங்க. வாஸ்து பாக்கறவர் வந்து வாசக்கதவை மாத்தச் சொன்னாரு, மாத்தினாங்க. எலுமிச்சம்பழம் கட்டினாங்க. போட்டோ பிடிச்சு நெட்ல போட்டாங்க. ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் போய்க் காளியாத்தா முன்னால முந்தானையை விரிச்சு நின்னா முத்தமிழ்.

"தாயே, வூட்டை மட்டும் வித்துக் குடு. எம் பிள்ளை நல்லா மூச்சு வுட்டாப் போதும். வேற என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

இப்படி வேண்டியிருக்கக் கூடாதுன்னு இப்ப சொல்லுவா.

மறுநாள் மனசு கேக்காம கவிதா டீச்சருக்கு அவளே போன் போட்டா.

"டீச்சர், வூடு வாங்கச் சொல்லிக் கேக்கல. ஏன் வேணாம்னீங்கன்னு மட்டும் சொல்லுங்க."



"கோச்சுக்காதீங்க. நேராவே சொல்லிடறேன். தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காதவங்ககிட்ட வூடு வாங்கினா எங்களுக்கு வெளங்காது."

"என்ன சொல்றீங்க?"

"உள்ள உக்கார வச்சிருக்கீங்களே, அந்த நோயாளி அம்மா. ஈரத் துணியைச் சப்பிக்கிட்டு... பாக்கவே சகிக்கல. என் கையைப் புடிச்சுக் கெஞ்சினாங்க. ஒரே ஒரு மடக்கும்மா, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு. நல்லாருப்பீங்களா நீங்க?"

போனை வச்சுட்டாங்க.

 அண்ணி கெஞ்சின அந்த வார்த்தையை முத்தமிழ் யாருகிட்டயும் சொன்னதில்ல. பூவரசன்கிட்டகூட. வீட்டுக்காரர்கிட்ட இப்பச் சொன்னா பைத்தியம்பாருன்னு வாயை மூடிக்கிட்டா.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. ஒரு பார்ட்டி வருதுன்னு செல்லப்பன் சொல்லியிருந்தான். லப்பைக்குடிக்காடு ஊர்க்காரங்க, வீட்டுக்காரர் சவூதியில இருக்காரு, பணம் ரெடியா இருக்கு, இதை வுட்டுடாதீங்கன்னான். பூவரசன் டூட்டிக்குப் போயிட்டாரு. தென்றல் ஹால்ல பாயில படுத்துத் தூங்குது. லேசா இழுப்பு.

உச்சி வெயில் நேரம். சாப்பாட்டுக்கு லாரியெல்லாம் நிறுத்திட்டாங்க. கரண்ட் போச்சு. ஃபேன் நின்னுச்சு.

அவ்வளவு அமைதியா அந்த வீட்டை அவ கேட்டதே இல்லியாம்.

பார்ட்டி வர்றதுக்குள்ள கூட்டிடலாம்னு வெளக்கமாத்தை எடுத்துக்கிட்டு மேற்கு ரூமுக்குப் போனா. தரை பூரா சாம்பலாட்டம் தூசி படிஞ்சிருந்துச்சு. சுவர் ஓரத்துல மட்டும் ஒரு எடம் சுத்தமா இருந்துச்சு. ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு.

கதவுலேருந்து அந்த எடம் வரைக்கும் கால் தடம். போய், திரும்பி வந்த தடம். சின்னக் கால். தென்றலோட கால்தான். வெளையாடியிருப்பா.

குனிஞ்சா.

ஜன்னல் கம்பியில ஒரு துணி தொங்குச்சு. பழைய வெள்ளைத் துணி. இது எங்கேருந்து வந்துச்சு? காரியம் முடிஞ்சன்னிக்கே எல்லாத்தையும் எரிச்சாச்சே...

தொட்டுப் பாத்தா.

ஈரம்.

கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. ஹால்ல தென்றலோட மூச்சு கேட்டுச்சு. உய்ங்... உய்ங்... கூடிக்கிட்டே வந்துச்சு. பிள்ளைகிட்ட போகணும்னு நெனைக்கறா. 

பச்...

பின்னால.

பச்... பச்...

முதுகுக்குப் பின்னால, கை எட்டற தூரத்துல.

"முத்தமிழு..."

அதே கொரல். வறண்ட கொரல்.

"ஒரே... ஒரு... மடக்கு..."

திரும்பிப் பாக்கல அவ. எப்படி அடுப்படிக்குப் போனா, எப்படிப் பானையைச் சரிச்சா, எதுவும் தெரியாது. சொம்பு நெறைய மொண்டுக்கிட்டு வந்துட்டா. பாதித் தண்ணி சேலையில. ரூம் வாசப்படியில நிக்கறா. உள்ள போகவும் முடியல, தள்ளிப் போகவும் முடியல.

ஹால்ல தென்றல் எழுந்து உக்காந்துடுச்சு. வாய் தெறந்திருக்கு. மூச்சு உள்ள போகல. உதடு நீலம் பாரிக்குது.

"அம்மா இருக்கீங்களாங்க? செல்லப்பன் சொல்லி அனுப்பிச்சாரு."

வாசல்ல ஒரு பொம்பளை. தலையில துப்பட்டா. ஃபஹ்மிதான்னு பேரு. வீடு பாக்க வந்தவங்க. ஒரு பார்வையில பிள்ளையைப் பாத்தாங்க. ரூமுக்குள்ள எட்டிப் பாத்தாங்க. முத்தமிழ் கையிலேருந்த சொம்பைப் பாத்தாங்க.

"நீங்க பிள்ளையப் பாருங்க. அவங்களுக்கு நான் குடுக்கறேன்."

சொம்பை வாங்கிக்கிட்டு ரூமுக்குள்ள போயிட்டாங்க.

முத்தமிழ் பிள்ளைகிட்ட ஓடினா. மருந்துக் குழாயை வாயில வச்சு அழுத்தினா. ஒரு தடவை. இன்னொரு தடவை. உள்ள ரூம்லேருந்து சத்தம் வந்துச்சு. மடக்... மடக்... மடக்... விடாம.

அந்தச் சத்தம் நின்னப்ப, தென்றலோட இழுப்பும் நின்னுச்சு.

ஃபஹ்மிதா சொம்பைக் கவுத்துக் காட்டிக்கிட்டே வெளிய வந்தாங்க. ஒரு சொட்டு இல்ல.

"அல்லாஹ், என்ன தாகம். ஒரே மூச்சுல குடிச்சுட்டாங்க. யாரு, மாமியாரா?"

அந்த நேரம் முத்தமிழ் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லணும்னுதான் வாயெடுத்தா. மடியில பிள்ளை சூடா, வேர்த்துப் போய்க் கெடக்குது. இந்த வீடு விக்கலேன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன ஆகும்?

"நாத்தனாரு"ன்னா. "ஒடம்பு முடியாதவங்க."

"எங்க உம்மாவும் இப்படித்தான் கெடந்தாங்க. தண்ணிய அளந்து அளந்து குடுத்தோம். பாவம் அவங்க." ஃபஹ்மிதா கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. ஹாலை ஒரு சுத்து பாத்தாங்க. "வூடு புடிச்சிருக்கும்மா. எங்க வூட்டுக்காரர்கிட்ட போன்ல சொல்லிட்டு இந்த வாரமே அட்வான்ஸ் குடுத்துடறோம்."

குடுத்தாங்க. பத்திரமும் முடிஞ்சுது. யாருக்கும் எந்தத் தடங்கலும் இல்ல.

பெரம்பலூர் வந்தப்பறம் முத்தமிழ் வேற ஆள். பால் காய்ச்சினன்னிக்கு என்னை மொதமொதல்ல கூப்பிட்டுப் பாயாசம் குடுத்தவ, பிள்ளையைக் காட்டிக் காட்டிப் பேசினா. இங்க வந்ததுலேருந்து இழுப்பு இல்லைங்க, மருந்துக் குழாயை எடுக்கவே இல்லைங்க, தூசிதான் காரணம்னு டாக்டர் சொன்னது சரியாப் போச்சுன்னு. தென்றலும் தெருவுல ஒரே ஓட்டம்தான். லீவு நாள்லயும் ஓட்டம். எனக்கே சந்தோசமா இருந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு ஃபஹ்மிதா போன் பண்ணாங்க. நல்ல மனுசி, கரண்டு பில்லுல பேர் மாத்தறதுக்குப் பண்ணவங்க, நலம் விசாரிக்காம வைக்கல.

"நாத்தனாரு எப்படி இருக்காங்க?"

முத்தமிழ் என்ன சொல்லுவா. "இருக்காங்க"ன்னா.

"அங்க வந்தது அவங்களுக்கு நிம்மதியா இருக்கும். அன்னிக்கே சொன்னாங்களே என்கிட்ட."

"என்ன சொன்னாங்க?"

"தண்ணி குடிச்சுட்டு, பத்தலைன்னாங்க. இன்னொரு சொம்பு கொண்டாரவான்னு கேட்டேன். வேணாம், பாப்பா குடுக்கும், அன்னிக்கும் பாப்பாதான் வயிறு நெறையக் குடுத்துச்சு, அது போற எடத்துக்கு நானும் போயிடுவேன்னாங்க. பாப்பா மேல உசுரும்மா அவங்களுக்கு."

முத்தமிழ் போனைக் காதுலேருந்து எடுத்தா.

அன்னிக்கும்னா என்னிக்கு? டாக்டர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்துச்சு. தண்ணி நெறைய குடுத்தீங்களா...

தென்றல் ஹால்ல உக்காந்து படம் வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"தென்றலு. அத்தைக்கு நீ எப்பவாவது தண்ணி குடுத்தியா?"

பிள்ளை நிமிரல. "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க."

"அம்மாகிட்ட சொல்லலாம்."

"நீ மொட்டை மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தல்ல, அன்னிக்கு. அடுப்படி தாப்பா போடல. சொம்பு சொம்பாக் குடுத்தேன். அப்பறம்தான் அத்தைக்கு மூச்சு வாங்கிச்சு."



"அதுக்கப்பறம்?"

"அப்பறம் சாயங்காலம் நீதான் சொம்புல வச்ச. நீ நிறுத்திட்ட. அதனால ஸ்கூல் பாட்டில்ல மிச்சம் இருக்கறத நான் குடுப்பேன். லீவு நாள்ல பாட்டில் இருக்காது. பானையை நீ மேல வச்சுட்ட. எனக்கு எட்டல."

"குடுக்கலேன்னா?"

தென்றல் பச்சைக் கலரைத் தேடி எடுத்துச்சு. நாளைக்கு என்ன கொழம்புன்னு சொல்ற மாதிரி சொல்லிச்சு.

"நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்குவாங்க. மூச்சு வுட முடியாது."

அடுப்படியில தண்ணிக் கேன் இருந்துச்சு. இருபது லிட்டர் கேன், குழாய் வச்சது. வந்தன்னிக்கு வேற எடம் இல்லாம ஒரு சின்ன முக்காலி மேல பூவரசன் எறக்கி வச்சது. அதுக்குப் பக்கத்துல தரையில ஒரு டம்ளர். ஈரமா.

"இங்க எனக்கு எட்டுதும்மா"ன்னுச்சு தென்றல்.

அடைப்புக் கழிக்கறவரைக் கூட்டிட்டு வந்து பூசை பண்ணாங்க. சிறுவாச்சூருக்கும் போனாங்க. பண்ண வேண்டியதெல்லாம் பண்ணிட்டாங்க. அது ஆகி ஒரு வருசம் ஓடிப் போச்சு. நான் போன வாரம் காப்பித் தூள் வாங்கறதுக்கு முத்தமிழ் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தக் கேன் இன்னும் அதே முக்காலி மேல, அதே ஒசரத்துலதான் இருக்கு. மூணு பேர் இருக்கற வீடு. ஒரு கேன் காலியாகறதுக்குள்ள அடுத்த கேனை வாங்கி வச்சுடுறா முத்தமிழ்.

தென்றல் நல்லா இருக்கு. ஒரு நாள்கூட இழுப்பு வரல.